நாலு பேர் வீட்டுக்குச் சிக்கனச் சமையல்: ரேஷன் அரிசியிலிருந்து வீட்டு பிரெட் வரை

மளிகைச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது விலையில். எந்தக் கடையில் பருப்பு ஐந்து ரூபாய் குறைவு, எந்த ஆப்பில் தள்ளுபடி என்று தேடுவார்கள். அப்படி மிச்சம் பிடிப்பதில் பாதி, அந்தக் கடைக்குப் போய்வரும் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். காசு அதிகம் கரைவது வீட்டுக்குள்தான். ஒவ்வொரு வேளைக்கும் தனியாக அடுப்பை மூட்டி, தனியாகப் பருப்பை வேகவைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பசித்தால் பேக்கரிக்கு ஓடுகிறோமே, அதில். ஒருமுறை செய்த வேலை அடுத்த இரண்டு மூன்று வேளைக்கும் கைகொடுக்கும்படி சமையலை அமைத்துக்கொண்டால் செலவு தானாக இறங்கும். கீழே வருவதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

அளவுகள் எல்லாம் பெரியவர் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர் உள்ள தமிழ்நாட்டு வீட்டுக்கானவை. சந்தை விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கை முடிந்தவரை தவிர்த்து, எடையாகவே சொல்லியிருக்கிறேன்.

முதல் மாதம்: எழுதுவது மட்டும்

எதையும் மாற்றாமல் ஒரு மாதம் குறித்து வையுங்கள். மளிகை பில்லை ஒட்டிவைக்கச் சொல்லவில்லை, அது எப்படியும் தெரியும். குறிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சமைக்க முடியாமல் வெளியே வாங்கியவை: மாவு பாக்கெட், பிரெட், பிஸ்கட், பஜ்ஜி, பரோட்டா. இன்னொன்று, குப்பைக்குப் போனவை: வாடிய கீரை, புளித்துப்போன மாவு, மூன்று நாள் ஃபிரிட்ஜில் கிடந்த குழம்பு. மாதக் கடைசியில் இந்த இரண்டு பட்டியலையும் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அநேக வீடுகளில் முதல் பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

கூடவே சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அது எத்தனை நாள் வருகிறது என்பதுதான் உங்கள் அடுப்புக்கு மதிப்பெண். பின்னால் செய்யும் மாற்றங்கள் பலன் தருகின்றனவா என்று பார்க்க இந்தத் தேதியே போதும்.

வாங்கும் வரிசை: ரேஷன், மளிகை, சந்தை

முதலில் ரேஷன் கடை. அரிசி இலவசம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசிக்குப் பதில் ஒரு பகுதியைக் கோதுமையாகவும் வாங்கிக்கொள்ளலாம். கோதுமை வந்த மாதம் விட்டுவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்தால் சப்பாத்திக்கும், பின்னால் சொல்லப்போகும் பிரெட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் அதுவே மாவு.

ரேஷன் அரிசி சோற்றுக்கு ஒத்துவராது என்று அப்படியே விற்றுவிடுகிறவர்கள் உண்டு. சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் போகிறது, புழுங்கலை இட்லிக்கும், பச்சரிசியை முறுக்குக்கும் கொழுக்கட்டைக்கும் ஒதுக்குங்கள். இந்த அரிசியில் சில மணிகள் வெளுப்பாக, லேசாக மிதப்பதுபோல இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதைத்தான். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். பொறுக்கி எறியாதீர்கள்.

அடுத்தது மளிகை. மாதம் ஒருமுறை, பட்டியலோடு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பவேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், அதை ஒப்பிடுங்கள். எண்ணெயில் இது ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். ஆனால் லிட்டர் பாக்கெட் மாதிரியே தோற்றமளிக்கும் சில பாக்கெட்டுகளில் 800, 850 கிராம்தான் இருக்கிறது. எண்ணெய்ச் செலவுக்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். அதைத் தாண்டினால் பொரிப்பது அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

காய்கறி வாரம் இருமுறை. ஊரில் உழவர் சந்தை இருந்தால் அதுதான் முதல் இடம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விவசாயியே கொண்டுவந்து விற்பதால் இடைத்தரகுக் காசு இல்லை, எடையும் ஒழுங்காக இருக்கும். காலை ஆறு ஏழு மணிக்குப் போனால் நல்ல காய், ஒன்பதுக்கு மேல் போனால் மிச்சக் காய் மலிவாக. சீக்கிரம் சமைத்துவிடப் போகிறீர்கள் என்றால் மிச்சக் காயில் தப்பொன்றும் இல்லை.

தக்காளி விலை ஏறும்போது அதையே பிடித்துத் தொங்காதீர்கள். புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், மாங்காய் போட்ட சாம்பார் எல்லாம் தக்காளி இல்லாமலே நிற்கும். சின்ன வெங்காயம் விலை ஏறினால் பெரிய வெங்காயத்தை நீளமாக நறுக்கிப் போட்டால் சாம்பார் சாம்பாராகத்தான் இருக்கும், கொஞ்சம் மணம் குறையும், அவ்வளவுதான்.

மாவு: வாரத்தில் பாதி நாள் இதில் போய்விடும்

சிக்கனச் சமையலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் வீட்டில் மாவாட்டுவதைச் செய்யுங்கள். கடை மாவு ஒரு கிலோ வாங்கும் காசில் உளுந்தை வாங்கி, ரேஷன் அரிசியோடு ஆட்டினால் மூன்று கிலோ மாவுக்குக் கிட்டத்தட்ட வரும். வீட்டு வெட் கிரைண்டர் மோட்டார் பெரும்பாலும் 150 வாட் அளவுதான். ஒரு மணி நேரம் ஓடினாலும் 0.15 யூனிட். மின்சாரத்துக்குப் பயந்து மிக்ஸியில் அரைக்க வேண்டியதில்லை. மிக்ஸி சூட்டில் உளுந்து பொங்குவதும் குறையும்.

அளவு: ரேஷன் புழுங்கல் அரிசி 1 கிலோ, உருட்டு உளுந்து 250 கிராம், வெந்தயம் 2 தேக்கரண்டி, அவல் ஒரு கைப்பிடி. அரிசியை நாலைந்து தடவை நன்றாகக் களைந்து, நாலு மணி நேரம் ஊறவையுங்கள். உளுந்தும் வெந்தயமும் தனியாக ஒரு மணி நேரம் ஊறினால் போதும். அதிகம் ஊறினால் ஆட்டும்போது பொங்காது. அவலை ஆட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நனைத்தால் போதும்.

உளுந்தை முதலில் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஆட்டவேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும், அதுதான் பதம். உளுந்து பழசாக இருந்தால் எவ்வளவு ஆட்டினாலும் பொங்காது. அதனால் உளுந்தில் மட்டும் மலிவு பார்க்காமல் புதுசாக வாங்குங்கள், அளவைக் குறைத்துக்கொள்ளலாம். அரிசியை அவலோடு இரண்டு தடவையாகப் போட்டு, மெல்லிய ரவைப் பதத்தில் எடுங்கள். ரேஷன் அரிசி தண்ணீர் குறைவாகவே வாங்கும், ஊற்றுவதில் கவனம். கல் உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பாமல் வைத்துவிடுங்கள். கோடையில் எட்டு மணி நேரம் போதும். மார்கழி, தை மாதங்களில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அப்போது அடுப்பு மேடையில், குக்கர் இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பொங்கிவிடும்.

இந்த மாவை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் சூட்சுமம். பொங்கிய முதல் இரண்டு நாள் இட்லி மட்டும். மூன்றாம் நாளிலிருந்து தோசை. நாலாம் நாள் லேசாகப் புளித்திருக்கும், வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். அடியில் மிஞ்சியதில் இரண்டு கரண்டி ரவை, ஒரு கரண்டி அரிசி மாவு கலந்தால் சாயங்காலப் போண்டா. புளித்துவிட்டது என்று மாவைக் கொட்டும் வீட்டில், பெரும்பாலும் முதல் நாளே தோசை வார்த்திருப்பார்கள். வரிசை தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். இன்னொன்று, மொத்த மாவையும் பொங்கவிட வேண்டாம். ஆட்டியதும் பாதியைப் பொங்காமலே ஃபிரிட்ஜில் வைத்து, தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு வெளியே எடுத்து வைத்தால் மாவு ஒரு வாரம் வரும்.

சட்னிக்குத் தேங்காய் எப்போதும் வேண்டும் என்பதில்லை. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெங்காயம், பீர்க்கங்காய்த் தோல் என்று மாற்றுங்கள். கடலை மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்ட பாம்பே சட்னி பருப்பும் இல்லாமல் தேங்காயும் இல்லாமல் இட்லி சாம்பார் வேலையைச் செய்துவிடும்.

பருப்பும் குக்கரும்

நாலு பேர் சாம்பாருக்கு 150 கிராம் துவரம் பருப்பு தேவை. ஆக ரேஷனில் வரும் ஒரு கிலோவில் ஆறு, ஏழு சாம்பார்தான் வரும். தினம் சாம்பார் வைக்கும் வீடு என்றால் பாதி நாள் பாசிப்பருப்புக்கும் மைசூர்ப் பருப்புக்கும் மாறவேண்டும். இரண்டும் துவரையைவிடச் சீக்கிரம் வேகும், எரிவாயுவும் மிச்சம். பரங்கிக்காய்த் துண்டுகளைச் சேர்த்து வேகவைத்து மசித்தால் நூறு கிராம் பருப்பிலேயே சாம்பார் கெட்டியாகிவிடும்.

பருப்பை ஒரு வேளைக்கு என்று வேகவைக்கக் கூடாது. 250 கிராம் ஒன்றாக வேகவையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணீரை அன்றைய ரசத்துக்கு எடுத்துவிடுங்கள். கெட்டிப் பருப்பில் பாதிக்குமேல் அன்றைய சாம்பாருக்கு. மீதி ஃபிரிட்ஜுக்குப் போய், மறுநாள் கீரைக் கூட்டாகவோ சுரைக்காய்க் கூட்டாகவோ வரும். ஒரு குக்கர், மூன்று குழம்பு.

இனி எரிவாயு. குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகிறது, திறந்த பாத்திரத்தில் 100 டிகிரிதான். குக்கரில் சீக்கிரம் வேகும் ரகசியம் இதுதான். முதல் விசில் வந்தாயிற்று என்றால் உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது. அதற்குமேல் பெரிய தீயில் வைத்தால் அந்தச் சூடு முழுக்க விசிலாக வெளியே போகிறது. சிம்மில் வைத்து நிமிடக் கணக்குப் பாருங்கள். ஊறிய துவரம் பருப்புக்குச் சிம்மில் எட்டு நிமிடம் தாராளம். அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கும்வரை உள்ளே வெந்துகொண்டே இருக்கும் என்பதால் அவசரப்பட்டு விசிலைத் தூக்கவேண்டாம்.

அரை மணி நேரம் ஊறவைத்த பருப்பு, ஊறாததைவிட வெகு சீக்கிரம் வேகும். மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விடுவது பாட்டி காலத்துப் பழக்கம், குக்கர் பொங்கி வழியாது, பருப்பும் குழையும். புளி, தக்காளி இரண்டையும் பருப்பு வெந்த பிறகு சேருங்கள். புளிப்பு இருந்தால் பருப்பு வேக நேரம் பிடிக்கும்.

அடுக்குப் பாத்திரம் இருந்தால் கீழே பருப்பு, நடுவே சோறு, மேலே உருளைக்கிழங்கோ பீட்ரூட்டோ, எல்லாம் ஒரே தீயில். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி எதுவானாலும் அரைக் கிலோவாக இரவில் ஊறவைத்து, மறுநாள் மொத்தத்தையும் வேகவைத்துவிடுங்கள். ஒரு பங்கு சுண்டல், ஒரு பங்கு குழம்பு, ஒரு பங்கு ஃபிரீசரில்.

தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கழற்றி ஊசியால் குத்திக் கழுவுங்கள். நீலத் தீதான் சரியான தீ. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே ஏறும் தீ சமையலறையைத்தான் சூடாக்குகிறது.

சோற்றை வடிக்கும் வீடாக இருந்தால் கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம், ரசத்துக்கும் ஊற்றலாம். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் புளி கரைக்க நல்லது, வத்தக்குழம்பு கொஞ்சம் கெட்டியாக வரும்.

மிஞ்சிய சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். கோடையில் இதைவிட மலிவான காலை உணவு கிடையாது. ஆனால் மதியம் வடித்த சோற்றை இரவு வரை மூடி வெளியே வைத்துவிட்டு, மறுநாள் புளியோதரை கிளறுவது சரியில்லை. சூட்டுக்குத் தப்பிக்கிற கிருமி ஆறிய சோற்றில் பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அது விட்டுப்போன நஞ்சு போகாது. தாளிப்பதாக இருந்தால் ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைத் தாளியுங்கள்.

காயில் எறிய ஒன்றும் இல்லை

பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல் இரண்டும் துவையல். முள்ளங்கியோடு வரும் கீரையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வருகிறோம், அது பொரியலுக்கு அருமை. காலிஃபிளவர் தண்டை மெல்லியதாக நறுக்கிக் குருமாவில் போடுங்கள். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு. தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் இடையில் இருக்கும் வெள்ளைச் சதை வெள்ளைப் பூசணி மாதிரியே கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் ஆகும். பலாக்கொட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் முருங்கை மரம் இருந்தால், கீரைக் கட்டுக்குக் காசு கொடுப்பது பாவம்.

சந்தையிலிருந்து வந்த அன்றும் மறுநாளும் கீரை, வெண்டை, கத்தரி. நடுவில் பீன்ஸ், கேரட், கோஸ். கடைசியில் பரங்கி, சேனை, உருளை, வாழைக்காய். சீக்கிரம் வாடுவது முதலில் அடுப்புக்குப் போகவேண்டும். இந்த ஒன்றைப் பின்பற்றினாலே குப்பைப் பட்டியல் பாதியாகிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை வாங்குபவை

புளி, மிளகாய், மல்லி. மாசியிலிருந்து சித்திரை வரை புதுப் புளி வரும்போது வருடத் தேவையை வாங்கிவிடுவது நல்லது. கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் உப்பு தூவிப் பானையிலோ ஜாடியிலோ அழுத்தி வைத்தால் வருடம் தாங்கும். சாம்பார்ப் பொடிக்கு மல்லி அரைக் கிலோ, மிளகாய் கால் கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், கடலைப் பருப்பு 100, சீரகம் 50, மிளகு 25, வெந்தயம் 25, மஞ்சள் 50. நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து மில்லில் கொடுங்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய் கிடைத்தால் காரம் நின்று பேசும், அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் கூழ் வடகமும் மோர் மிளகாயும் போட்டுவைத்தால், மழை நாளில் அப்பளப் பாக்கெட் வாங்க வேண்டாம்.

அசைவமும் பாலும், சுருக்கமாக

எலும்பில்லாத கோழிக்கறி வாங்குவது சிக்கனத்துக்கு நேர் எதிர். முழுக் கோழியாக வாங்கி, நல்ல துண்டுகளைக் குழம்புக்கு, கழுத்தையும் முதுகெலும்பையும் மிளகு சூப்புக்கு, ஈரலைப் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுங்கள். மீனில் மத்தியும் நெத்திலியும் சத்துக்கும் விலைக்கும் ராஜா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது மீன் விலை எட்டாது. கருவாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்து, கத்தரிக்காயும் மொச்சையும் சேர்த்துக் குழம்பு வையுங்கள். சைவ வீட்டில் மீல்மேக்கர் இருக்கிறது. எடையில் பாதி புரதம், 50 கிராம் ஊறினால் நாலு பேருக்கு வரும்.

பாலில், ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. காபிக்குப் பச்சை, தயிருக்கு நீலம் என்று பிரித்து வாங்கலாம். காய்ச்சிய பாலின் ஆடையை ஒரு டப்பாவில் சேர்த்துவந்து, தயிர் விட்டுக் கடைந்தால் வெண்ணெய், உருக்கினால் நெய். கடைந்த மோர் மோர்க்குழம்புக்கு. அந்த நெய்யைத்தான் கீழே பிஸ்கட்டில் போடப்போகிறோம்.

பேக்கிங்: எது கட்டும், எது கட்டாது

வீட்டில் சுட்டால் எல்லாமே மலிவு என்பது உண்மையில்லை. ஒரே ஒரு பிரெட்டுக்காக ஓவனைப் போட்டால் மிச்சம் பெரிதாக இருக்காது. பஃப்ஸ் வீட்டில் செய்யவே வேண்டாம், வெண்ணெய்க்கும் வேலைக்கும் கட்டாது. க்ரீம் கேக் வருடத்துக்கு இரண்டு பிறந்தநாளுக்கு வாங்கிக்கொள்ளலாம். கட்டுபடியாவது பன், பிஸ்கட், ரவா கேக், ரஸ்க். வாராவாரம் வீட்டுக்கு வருகிறவையும் இவைதான்.

சின்ன ஓடிஜி ஓவன் 1200 வாட் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஒரு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் நிஜத்தில் அதைவிடக் குறைவு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜும் மின்விசிறியுமே தீர்த்துவிடும் கணக்கு. அதனால் ஓவனை அடிக்கடி போடாமல், வாரம் ஒருநாள் போட்டு வரிசையாகச் சுடுங்கள். அதிகச் சூடு கேட்பது முதலில், குறைவாகக் கேட்பது கடைசியில். அதாவது 190 டிகிரியில் பன், பிறகு 180இல் ரவா கேக், பிறகு 165இல் பிஸ்கட். ஓவனை அணைத்தபின் உள்ளிருக்கும் சூட்டில் பழைய பிரெட் துண்டுகளை அடுக்கினால் ரஸ்க்.

*பன்.* மைதா 250 கிராம், கோதுமை மாவு 150 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 270 மில்லி. கோதுமை மாவு அதிகத் தண்ணீர் குடிக்கும். மாவு கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கவேண்டும், சப்பாத்தி மாவு மாதிரி இறுகக்கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பிசைந்து, எண்ணெய் தடவி மூடி வைக்கவும். நம் ஊர் வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும், புத்தகத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி இரண்டு மணி நேரம் விட்டால் புளித்த வாடை வரும். எட்டு உருண்டையாக்கித் தட்டில் அடுக்கி, இன்னொரு அரை மணி நேரம் உப்பவிட்டு, மேலே பால் தடவி 18 முதல் 20 நிமிடம் சுடவும். இதே மாவை டின்னில் போட்டு 35 நிமிடம் வைத்தால் பிரெட்.

ஈஸ்ட்டைச் சின்னப் பாக்கெட்டில் வாங்கினால் விலை பல மடங்கு. அரைக் கிலோ பாக்கெட்டை இரண்டு மூன்று வீடு பங்குபோட்டு, காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரீசரில் வைத்துக்கொள்ளுங்கள்.

*ரவா கேக்.* வறுத்த ரவை ஒன்றரை கப், தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் கால் கப்புக்கும் கொஞ்சம் மேல், பால் அரை கப், ஏலக்காய். எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள், ரவை பாலைக் குடித்துக் கெட்டியாகும். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் பால். சுடப்போகும் நேரத்தில்தான் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டியும் சோடா உப்பு கால் தேக்கரண்டியும் சேர்க்கவேண்டும். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்தவுடன் நுரை கிளம்ப ஆரம்பித்துவிடும், தாமதித்தால் கேக் தட்டையாகும். 30 முதல் 35 நிமிடம். முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை.

*கோதுமை பிஸ்கட்.* கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 90 கிராம், உருக்கி ஆறிய நெய் 80 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, சேர்த்துப் பிசைய இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால். அரை அங்குலத்துக்கும் குறைவான தடிமனில் தட்டி வெட்டி, 15 முதல் 18 நிமிடம். ஓவனிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும்.

ஓவன் இல்லாதவர்கள் அதற்காக ஓவன் வாங்கவேண்டாம். அடி கனமான பழைய சட்டி, இறுக்கமான மூடி, உள்ளே ஒரு இரும்பு வளையம் அல்லது ஸ்டாண்ட். அடியில் ஒரு அங்குலம் உப்புப் பரப்பி, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை உள்ளே வைத்துச் சிம்மில் 40 நிமிடம். அன்றாடம் சமைக்கும் பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் இப்படிக் காயவிடாதீர்கள், அடி வளைந்துவிடும். ஓய்வுபெற்ற பழைய குக்கர் என்றால் கேஸ்கட்டையும் விசிலையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். சட்டியில் சுடும் பன் மேலே வெளுப்பாக இருக்கும். தோசைக்கல்லில் துளி நெய் விட்டுக் கவிழ்த்துப் போட்டால் நிறம் வந்துவிடும். அந்த உப்பைக் கொட்டாமல் ஆறவைத்து டப்பாவில் எடுத்துவைத்தால் அடுத்தடுத்த தடவைக்கும் ஆகும், சமையலுக்கு மட்டும் போடவேண்டாம்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள்

பொரித்த எண்ணெய் முதலாவது. உணவகங்களுக்கே எண்ணெயில் 25 சதவீதத்துக்குமேல் துருவச் சேர்மங்கள் (சூட்டில் எண்ணெய் சிதைந்து உண்டாகுபவை) சேர்ந்தால் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை, அதனால் பழக்கம்தான் கருவி. சின்ன இருப்புச் சட்டியில் குறைந்த எண்ணெயில் பொரியுங்கள். மிஞ்சியதை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். திரும்பப் பொரிக்க வேண்டாம். கறுத்து, நுரைத்து, பிசுபிசுவென்று ஆகிவிட்ட எண்ணெய் தாளிப்புக்கும் ஆகாது.

வேர்க்கடலையில் பூஞ்சை. கறுத்த, சுருங்கிய, கசக்கிற கடலை ஒன்றிரண்டு இருந்தாலே அந்தப் பிடியை எறிந்துவிடுங்கள். பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது, அது ஈரலுக்குக் கெடுதல். பிரெட்டில் ஓரத்தில் பச்சை படிந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளி எறிவதும் கூடாது, முழுப் பாக்கெட்டும் குப்பைக்குத்தான். வீட்டு பிரெட்டில் கடை பிரெட் போலப் பூஞ்சைத் தடுப்பான் இல்லாததால், நம் ஊர் ஈரத்தில் மூன்றாம் நாள் தாண்டாது. இரண்டாம் நாளே மிச்சத்தைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, வேண்டியபோது நேராகத் தோசைக்கல்லில் போட்டு எடுங்கள்.